எறும்புக்கு எட்டுக் கட்டளைகள்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் பிரிவில் எனக்கு வேலை. ஷூவின் மேல்பாகத்துக்கு எந்தத் தோல் துண்டு எந்த வடிவத்தில் வெட்டப்பட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. திரையின் நான்கு பக்கமும் பொத்தான்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அதைப் பார்த்துப் பார்த்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாத்ரூமுக்குள் போய் அழுதிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. பழகியது என்றால், எனக்குத் தேவையான பதினோரு பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொண்டேன். மற்றவை எதற்கென்று இத்தனை வருஷம் கழித்தும் தெரியாது.

என் மகள் அப்போது ஆறாம் வகுப்பு. ஊருக்குள்ளேயே ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் படித்தாள். வாரத்துக்கு ஒரு நாள் கம்ப்யூட்டர் வகுப்பு. அந்த நோட்டைத் திறந்தால் கம்ப்யூட்டர் என்றால் என்ன, அதன் பாகங்கள் யாவை என்று நான்கு பக்கம் எழுதியிருக்கும். மவுஸின் படம் வரைந்து பாகம் குறித்திருந்தாள். வாணியம்பாடிக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போய் கம்ப்யூட்டர் பட்டம் வாங்கியவள் நான். எனக்குக் கோபம் வந்தது.

குழந்தைகள் கட்டைகளை அடுக்குவதுபோல அடுக்கி புரோகிராம் எழுதிப் பழகுகிற ஒரு கருவியை இண்டர்நெட்டிலிருந்து இறக்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்தேன். உலகம் பூராவும் குழந்தைகள் பயன்படுத்துவது. குறை சொல்ல முடியாத கருவி. என் மகள் முதல் நாள் அதில் சத்தம் எழுப்புகிற கட்டையைக் கண்டுபிடித்து அரைமணி நேரம் கத்தவிட்டாள். இரண்டாம் நாள் அதில் வரும் பொம்மைக்கு உடுப்பு மாற்றினாள். மூன்றாம் நாள் திறக்கவில்லை.

"ஏன்டி, அதைத் தொடவே மாட்டேங்கிற?"

"அதுல இன்னாம்மா பண்ணணும்?"

"எது வேணும்னாலும் பண்ணலாம்."

"எது வேணும்னாலும்னா, இன்னா?"

எனக்குப் பாத்ரூமில் அழுத அந்த மாதம்தான் நினைவுக்கு வந்தது.

நானே ஒன்று செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல்களில், சமையல் முடித்துவிட்டு உட்கார்ந்து, இரண்டு மாதத்தில் முடித்தேன். வெள்ளைத் திரையில் ஒரு எறும்பு. அதற்கு எட்டே கட்டளைகள். முன்னால் போ, வலது திரும்பு, இடது திரும்பு, கோடு போடு, கோடு போடாதே, மறுபடி செய், நில், வீட்டுக்குப் போ. எல்லாம் தமிழில் எழுதிய கட்டைகளாக, திரையின் ஒரே ஓரத்தில், எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. இன்னொரு பக்கம் இல்லை, மெனு இல்லை, எதையும் தேட வேண்டியதில்லை. என் மகள் உட்கார்ந்து சதுரம் போட்டாள், வீடு போட்டாள், வீட்டுக்குக் கூரை போட முடியாமல் கொஞ்ச நேரம் திணறினாள், அப்புறம் கூரையும் வந்தது. "முடிஞ்சுது, நான் வெளையாடப் போறேன்" என்று எழுந்து போய்விட்டாள். அவள் முடித்துவிட்டு எழுந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்ட டீச்சர் உண்மையில் கணக்கு டீச்சர். வேறு ஆள் இல்லாததால் அந்த அறையின் சாவியை அவரிடம் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். நான் விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவரே மவுஸைப் பிடித்தார். முக்கோணம் போடப் பார்த்தார். அது மூடவில்லை. எறும்பு எங்கேயோ போய் நின்றது. எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற எண்ணை மாற்றினார், மறுபடி மாற்றினார். பத்து நிமிஷத்தில் மூன்று கோடுகளும் சேர்ந்தன.

"இதுல உதவின்னு ஒரு பட்டன் இல்லியே?" என்றார்.

"வேணுமா டீச்சர்? போட்டுத் தர்றேன்."

"வேணாம் வேணாம். அது இல்லாததாலதான் நானா யோசிச்சேன்."

பத்து கம்ப்யூட்டர்களில் ஏழு ஓடின. எல்லாம் ஏதோ ஆபீஸில் கழித்துக் கொடுத்தவை. ஆறாம் வகுப்புப் பெண்கள் முப்பத்தாறு பேர். ஒரு கம்ப்யூட்டருக்கு ஐந்து பேர், ஒன்றில் மட்டும் ஆறு. மாதம் இரண்டு சனிக்கிழமை அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு நான் போக ஆரம்பித்தேன்.

அந்த முதல் சனிக்கிழமையில் நான் கவனித்த பெண் கடைசி கம்ப்யூட்டரில், ஐந்து பேரில் ஒருத்தியாக இருந்தாள். ஒல்லியாக, காதில் வேப்பங்குச்சி செருகியிருப்பாள். அவளுடைய அம்மா வீட்டில் உட்கார்ந்து ஷூ தைக்கிறவர். எங்கள் ஊரில் நிறையப் பெண்கள் செய்வதுதான். கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்பாகங்கள் மூட்டையாக வரும், கையால் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மவுஸ் கைக்கு வரும்வரை அந்தப் பெண் மற்றவர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததும் முன்னால் போ, வலது, முன்னால் போ, இடது என்று கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனாள். நாற்பது கட்டை வந்திருக்கும். மற்ற நான்கு பேரும் "போதும்டி, எங்களுக்குக் குடுடி" என்று முணுமுணுத்தார்கள். திடீரென்று அவள் நிறுத்தினாள். 'மறுபடி செய்' என்ற கட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முதல் நாலு கட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அழித்தாள். அந்த நாலையும் 'மறுபடி செய்'க்குள் போட்டாள். எறும்பு திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பல்லுப் பல்லாகக் கோடு போட்டுக்கொண்டு போனது.

"இது எங்கம்மா தைக்கிறது மிஸ்" என்றாள், என்னைப் பார்க்காமல். "கை ஒருவாட்டி வந்துட்டா போதும், அப்புறம் அதையேதான் திருப்பித் திருப்பி."

அதோடு விடவில்லை. ஷூவின் முனையில் தையல் வளைந்து போகுமே, அதுவும் வர வேண்டும் என்றாள். ஒவ்வொரு தையலுக்கும் கொஞ்சமாகத் திரும்பினால் வளையும் என்று அவளே கண்டுபிடித்தாள். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதை எண்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். மணி அடித்தபோது திரையில் ஒரு ஷூவின் முனை, நெருக்கமான தையலோடு இருந்தது. எங்கள் கம்பெனியில் நான் வரைகிற அதே வளைவு. பக்கத்து கம்ப்யூட்டர் பெண்கள் எல்லாம் எழுந்து வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் வெட்கப்பட்டு அந்த வேப்பங்குச்சியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அறையைப் பூட்டும்போது டீச்சர் சொன்னார்: "இதுக்கு மேல இதுல ஒண்ணும் சேக்காதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.

இரண்டு மாதம் கழித்துப் பெண்களே கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் கலர் கேட்டார்கள். கறுப்புக் கோட்டையே எத்தனை நாளைக்குப் பார்ப்பது? நியாயமாகத்தான் இருந்தது. டீச்சர் யோசித்துவிட்டு ஒரு ஏற்பாடு சொன்னார். ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். கட்டளைகள் எப்போதும் எட்டுத்தான். 'நில்' என்ற கட்டளையை யாரும் தொடுவதில்லை, எறும்பு தானாகவே நிற்கிறது என்பதால் அதை எடுத்துவிட்டுக் கலரைப் போட்டோம். அடுத்து சத்தம் கேட்டார்கள், டீச்சர் மறுத்துவிட்டார். அடுத்து இரண்டு எறும்பு கேட்டார்கள், ஒன்றை ஒன்று துரத்தட்டும் என்று. அதற்கு இரண்டாவது எறும்பு மட்டும் போதாது. தொட்டால் இப்படிச் செய், தொடாவிட்டால் அப்படிச் செய் என்று சொல்ல ஒரு கட்டளை வேண்டும். டீச்சரும் நானும் ஸ்டாஃப் ரூமில் ஒரு தாளில் எட்டையும் எழுதிவைத்துக்கொண்டு எதை எடுக்கலாம் என்று பார்த்தோம். எதையும் எடுக்க முடியவில்லை.

"அப்போ வேணாம்" என்றார் டீச்சர்.

"பசங்க ரொம்ப ஆசப்படுறாங்க டீச்சர்."

"ஆசப்படுவாங்க. பசங்கதானே."

பெண்கள் ஆசைப்பட்டது உண்மை. ஆனால் அவர்களைவிட நான்தான் ஆசைப்பட்டேன். 'இப்படி இருந்தால்' என்று கேட்கிற கட்டளை இல்லாத ஒன்றை புரோகிராமிங் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. கோடு போடுகிற பொம்மையைச் செய்திருக்கிறேன் என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று இருந்தது. வீட்டில் உட்கார்ந்து சேர்த்துவிட்டேன். சேர்க்கிற வேகத்தில் சத்தத்தையும் சேர்த்தேன். எட்டு பதின்மூன்று ஆனது. ஓரத்தில் இடம் போதாமல் இரண்டு பக்கமாகப் பிரித்தேன்.

அந்தச் சனிக்கிழமை டீச்சர் "சேத்துட்டீங்க" என்று மட்டும் சொன்னார். அன்றைக்குப் பெண்கள் போட்ட கூச்சலில் அறை இரண்டுபட்டது. ஒருத்தி ஒரு எறும்பு இன்னொன்றைத் துரத்துகிற விளையாட்டைச் செய்துவிட்டாள். நான் டீச்சரைப் பெருமையாகப் பார்த்தேன். அவர் பின்னால் நின்று பெண்களின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் மவுஸ் மேல கை சும்மா நின்னா அந்தப் புள்ள யோசிக்குதுன்னு அர்த்தம்" என்றார். "இன்னிக்கு நின்ன கையெல்லாம் தேடிக்கிட்டு நின்ன கை. பாத்தாலே தெரியுது."

அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து ஓர் அறக்கட்டளையின் ஆள் எங்களைத் தேடி வந்தது அதற்கடுத்த வருஷம். பள்ளி ஆண்டு விழாவில் பெண்கள் செய்து காட்டியதை யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருந்தார்கள். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. கிராமத்துப் பள்ளிகளுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று அலைகிறவர். சனிக்கிழமை முழுக்க எங்களோடு உட்கார்ந்து பெண்களின் வேலையைப் பார்த்தார். "ரொம்ப எளிமையா இருக்கு மேடம். இதோட அழகே அதுதான்" என்றார். என்னை வேலையை விட்டுவிட்டு இதையே முழு நேரமும் செய்யச் சொன்னார். திருப்பத்தூர் பக்கம், வாணியம்பாடி, குடியாத்தம் என்று இன்னும் பல பள்ளிகளுக்குக் கொண்டுபோகலாம் என்றார். கம்பெனியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிமிர்ந்து நடந்தது அந்த வாரம்தான்.

அப்புறம் பள்ளிகள் கேட்டன. வாணியம்பாடிப் பள்ளியில் உருதும் வேண்டும் என்றார்கள். பிள்ளைகள் வீட்டில் பேசுவது அதுதானே, கொடுத்தேன். குடியாத்தத்தில் இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள், இல்லாவிட்டால் பெற்றோர் மதிக்கமாட்டார்கள். இன்னொரு பள்ளியில் ஒருவன் செய்ததை இன்னொருவன் அழித்துவிடுகிறான், ஆளுக்கொரு பாஸ்வேர்டு வேண்டும். மார்க் போட வேண்டும், இல்லாவிட்டால் தலைமையாசிரியர் பீரியட் தரமாட்டார். பிள்ளைகள் சீக்கிரம் சலித்துப்போகிறார்கள், நட்சத்திரமும் பாயிண்ட்ஸும் கொடுங்கள். அறக்கட்டளைக்கு யார் எத்தனை நிமிஷம் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு வேண்டும், அது இல்லாமல் அடுத்த வருஷம் அவர்களால் நடத்த முடியாது. கடைசியில், கேள்வி கேட்டால் பதில் சொல்கிற உதவியாளர் ஒன்று வேண்டும், இப்போது எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

இதில் ஒரு கோரிக்கைகூட முட்டாள்தனமானது இல்லை. ஒன்றாவது முட்டாள்தனமாக இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு டீச்சர் இருந்தார், அவருக்கு ஒரு கஷ்டம் இருந்தது. "எளிமை கெடாம சேத்துடுங்க மேடம்" என்று அந்த அறக்கட்டளைக்காரர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். நானும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு சேர்த்தேன்.

நடுவில் ஒரு யோசனை வந்தது. திறந்தவுடன் எளிய முறை, முழு முறை என்று இரண்டு பொத்தான் வைத்தேன். புதிதாக வருகிற பிள்ளைகள் எளிய முறையில் பழகிவிட்டு அப்புறம் முழு முறைக்கு வரட்டும் என்பது திட்டம். இரண்டு பள்ளிகளில் போய் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பிள்ளைகூட எளிய முறையைத் தொடவில்லை. டீச்சர்களும் தொடவில்லை. "அது கம்மியா இருக்கும்ல மேடம்?" என்று ஒரு டீச்சர் கேட்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, கம்மியானதை எடுத்துக்கொள் என்று யாரிடம் சொல்ல முடியும்?

என் மகளின் பள்ளிக்கு அறக்கட்டளைக்காரர் வெளியூர் விருந்தினர்களை அழைத்து வந்த நாளில் அந்த ஒல்லிப் பெண் எட்டாம் வகுப்பில் இருந்தாள். காதில் இப்போது கம்மல். முதல் வருஷம் அவள் போட்ட ஷூ முனையைப் பற்றி நான் அறக்கட்டளைக்காரரிடம் சொல்லியிருந்தேன், அதனால் அவளையே உட்காரவைத்தார்கள். நான்கு விருந்தினர்கள் பின்னால் நின்றார்கள். கம்ப்யூட்டர்கள் அதே பழையவை. கருவி திறக்கவே ஐந்து நிமிஷம் ஆனது. அந்த ஐந்து நிமிஷமும் அவள் திரையில் சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பாஸ்வேர்டு கேட்டது. அவளுக்கு மறந்துபோயிருந்தது. டீச்சர் ஒரு நோட்டைப் புரட்டி எடுத்துச் சொன்னார்.

உள்ளே போனதும் கட்டளைகள் எட்டுத் தலைப்புகளில் இருந்தன. ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து மூடினாள். 'மறுபடி செய்' என்பது இப்போது மூன்று வகையாக இருந்தது. இத்தனை தடவை செய், எப்போதும் செய், இப்படி ஆகும்வரை செய். எப்போதும் செய் என்பதைத் தெரியாமல் எடுத்துப் போட்டுவிட்டாள். எறும்பு ஓட ஆரம்பித்தது, நிற்கவில்லை. நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் மேலே மூலையில் இருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை. சரியாக அந்த நேரத்தில் உதவியாளர் குதித்து வந்து, "உனக்கு உதவி வேண்டுமா?" என்று ஒரு பெட்டியைத் திறந்தது. அந்தப் பெட்டி எறும்பையே மறைத்துவிட்டது. அவள் பெட்டியை மூடப் பார்த்தாள். திரை அப்படியே உறைந்துபோனது.

விருந்தினர்கள் சிரித்தமுகமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு வராது மிஸ்" என்றாள்.

பதினொரு வயதில் யாரும் சொல்லித் தராமல் ஒரு வளைவைக் கண்டுபிடித்த பெண் அவள். நான் அவள் பக்கத்தில் குனிந்து, "உன் தப்பு இல்லம்மா. நான் செஞ்சதுலதான் தப்பு" என்றேன். பெரியவர்கள் சொல்வதற்குப் பிள்ளைகள் தலையாட்டுவார்களே, அப்படித் தலையாட்டினாள். அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. திரை உறைந்ததற்குத் தன் கைதான் காரணம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

விருந்தினர்கள் போன பிறகு அறக்கட்டளைக்காரரிடம் பேசினேன். "குறைக்கணும் சார். முக்கால்வாசி எடுத்துடணும்."

"எந்த ஸ்கூல்ல போய் மேடம், உங்களுக்குக் குடுத்ததைத் திருப்பி எடுத்துக்கிறோம்னு சொல்றது?" என்றார். அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

ஆனாலும் உட்கார்ந்து எடுக்கப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று புரிந்தது. ஒரு கட்டளையை எடுத்தால் அதை வைத்துப் பிள்ளைகள் ஏற்கனவே செய்த எதுவும் திறக்காது. சத்தத்தை எடுக்கலாம் என்றால், திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளியில் ஒரு வகுப்பே சேர்ந்து செய்த பாட்டு போய்விடும். இரண்டாவது எறும்பை எடுத்தால், முதன்முதலில் துரத்துகிற விளையாட்டைச் செய்த பெண்ணின் வேலை போய்விடும். ஒவ்வொரு கட்டளைக்குள்ளும் யாரோ ஒரு பிள்ளை குடியிருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து மூன்றை மட்டும் எடுத்தேன். அந்த மூன்றுக்கும் புகார் வந்தது. திருப்பி வைத்தேன்.

அதனால் அதைத் தொடாமல், பழைய எட்டுக் கட்டளையோடு தனியாக ஒன்றைச் செய்து டீச்சரிடம் கொண்டுபோனேன். அந்த வருஷத்து ஆறாம் வகுப்புக்கு அதைக் கொடுத்தார். புதுப் பெண்கள், எதையும் பார்க்காதவர்கள், முதல் சனிக்கிழமை மாதிரியே நடக்கும் என்று நினைத்தேன். ஆனால் அவர்களுக்கு அக்காமார்கள் இருந்தார்கள், எல்லாவற்றையும் கேட்டு வைத்திருந்தார்கள். "இது சின்னப் பசங்களோடது மிஸ். பெரிசு எப்போ தருவீங்க?" என்றாள் ஒருத்தி. இருந்தாலும் செய்தார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி சதுரம் போட்டு முடித்தாள். போட்டுவிட்டு அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"முடிஞ்சுதும்மா. அடுத்தது போடு" என்றேன்.

"ஸ்டார் வரல மிஸ்" என்றாள்.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் டீச்சரும் நானும் காலி அறையில் உட்கார்ந்திருந்தோம். தோல் பதனிடுகிற ஷாப் பக்கமிருந்து நாற்றத்தோடு காற்று அடித்ததால் ஜன்னலை மூடிவிட்டு வந்து அவர் உட்கார்ந்தார். அவரிடமிருந்து அந்த அறையைப் பிடுங்கிவிட்டார்கள், அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் படித்த ஒருவர் வரப்போகிறார் என்று சொன்னார். கணக்கு மட்டும் எடுத்தால் போதுமாம்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க டீச்சர். நான்தான் கேக்கல."

அவர் ஆமாம் என்று சொல்வார், அல்லது பரவாயில்லை என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இரண்டையும் சொல்லவில்லை.

"நான் சொன்ன மாதிரியே எட்டோட வெச்சிருந்தா மட்டும் இன்னா ஆயிருக்கும்?" என்றார். "நாலாவது மாசமே அலுத்துப்போச்சு அதுங்களுக்கு. அதையும் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், உங்ககிட்ட சொல்லல. அந்தத் தையல் போட்ட புள்ளகூட, அப்புறம் ரெண்டு மாசம் அதே ஷூவைத்தான் போட்டுக்கிட்டிருந்தா. கம்மியா வெச்சா அலுத்துப்போகுது, ஜாஸ்தி வெச்சா தொலைஞ்சுபோகுது. நடுவுல எங்க நிறுத்தணும்னு எனக்கும் தெரியாது."

"அப்போ இன்னாதான் பண்ணியிருக்கணும் டீச்சர்?"

"தெரிலம்மா" என்றார். இருபது வருஷம் கணக்கு நடத்தியவர் அவர். விடை தெரியாது என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னது எனக்குத் தாங்கவில்லை. குறைந்தபட்சம் குற்றமாவது முழுசாக என் மேல் இருக்கட்டும் என்று நினைத்திருந்தேன், அதையும் அவர் பாதி எடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் அறக்கட்டளை டேப்லெட்களுக்கு மாறியது. வேறொரு கம்பெனி எல்லாவற்றையும் தயாராகச் செய்து கொடுத்தது. நான் செய்தது டேப்லெட்டில் ஓடாது. அதை மாற்றி எழுத முடியுமா என்று அந்த அறக்கட்டளைக்காரர் மரியாதையாகக் கேட்டார், முடியாது என்று நானும் மரியாதையாகச் சொன்னேன். பழைய கம்பெனியிலேயே திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கீழே வேலை பழகியவள் இப்போது எனக்கு மேலே இருக்கிறாள். நல்ல பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்த ஒல்லிப் பெண்ணைப் போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வேலூர் பஸ்ஸுக்காக அவளும் அவளுடைய அம்மாவும் நின்றிருந்தார்கள். அவள்தான் என்னை அடையாளம் கண்டு, "மிஸ்" என்று கூப்பிட்டாள். அவளுடைய அம்மாவின் விரல்கள் நூல் இழுத்து இழுத்துக் காய்த்துப்போயிருந்தன. அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்வளவோ சொல்லிக் குடுத்தீங்களாம்மா, இவ அப்பல்லாம் வந்து சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார்.

"பதினொண்ணாவதுல இன்னா குரூப்?" என்று அவளிடம் கேட்டேன்.

"காமர்ஸ் மிஸ். கம்ப்யூட்டர் சயின்ஸும் கெடச்சுது. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏம்மா?"

"எனக்கு அது வராதுல்ல மிஸ்" என்றாள். எனக்கும் அது தெரிந்த விஷயம்தானே என்பதுபோலச் சிரித்தபடி சொன்னாள்.

அந்த ஷூ முனையை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன். பஸ் வந்துவிட்டது. அவளுடைய அம்மா முதலில் ஏறி சீட்டில் பையைப் போட்டார். ஜன்னலிலிருந்து இருவரும் கையசைத்தார்கள். என் மகளும் அந்த வருஷம்தான் பதினொன்றாம் வகுப்பு. அவள் நர்சிங் படிக்க வேண்டும் என்கிறாள். வீட்டில் கம்ப்யூட்டரைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

போன வாரம் மதியம், கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு போன் வந்தது. திருப்பத்தூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியின் ஆசிரியர். இளம் குரல். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று சொன்னார், எனக்கு அது காதில் ஏறவில்லை. பள்ளிக்கு ஆறு பழைய கம்ப்யூட்டர் வந்திருக்கிறதாம். பிள்ளைகளுக்கு இருக்கிற கருவிகள் எல்லாம் ரொம்பக் குழப்பமாக இருக்கின்றனவாம்.

"உங்ககிட்ட ஒண்ணு இருந்துச்சாம் மேடம், ரொம்ப சிம்பிளா, தமிழ்ல. அதுதான் வேணும் எங்களுக்கு."

சாப்பாட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தேன். எட்டுக் கட்டளை பழைய கம்ப்யூட்டரில் ஓடும். எங்கே வைத்தேன் என்றுகூட மனசு தேட ஆரம்பித்துவிட்டது.

"இருக்கு சார். எட்டுக் கட்டளைதான் அதுல. அவ்வளவுதான் வரும்."

"அது போதும் மேடம், அது போதும். சிம்பிளா இருந்தாத்தான் நல்லது." கொஞ்சம் தயங்கினார். "அதுல மார்க் மட்டும் வர்ற மாதிரி பண்ணிடலாமா? எச்.எம். கேப்பாரு. அப்புறம் கொஞ்சம் சத்தம், மியூசிக் மாதிரி ஏதாவது இருந்தா பசங்க விரும்புவாங்க. ஆளுக்கொரு பேரு போட்டு உள்ள போற மாதிரி, பாஸ்வேர்டு..."

அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனார். நல்ல மனுஷன், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். எல்லாம் எனக்குத் தெரிந்த வரிசையில்தான் வந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். அது இப்போ இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன். வேற யாரையாவது கேட்டுப் பாருங்க."

அவர் வருத்தப்பட்டார். வேறு யாரைக் கேட்கலாம் என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். உள்ளே போய்ப் பார்த்தபோது என் தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டிருந்தார்கள். சாப்பாட்டு நேரமும் முடிந்துவிட்டது. சீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.